ராஜகுமாரரும் ஜனத்திரளும்

1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தின் கடைசி வாரத்தில், கனடா தேசத்து டொராண்டோ நகரின் கண்காட்சி மைதானத்தில், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பதுங்குகுழிச் சேற்றிலே வருஷக் கணக்கில் கிடந்துவிட்டு உயிரோடு ஊர் திரும்பிய போர்வீரர்கள் ஆயிரக்கணக்கில் அணிவகுத்து நின்றார்கள். அவர்களைப் பார்வையிட வந்தவர் 25 வயது இளைஞர். மெலிந்த தேகம், பொன்னிற முடி, கூச்சம் கலந்த புன்னகை. மாமூல்படி அவர் குதிரைமீது அமர்ந்து வரிசைகளின் ஊடே நிதானமாகச் செல்லவேண்டும், வீரர்கள் அசையாமல் நிற்கவேண்டும், வாத்தியம் முழங்கவேண்டும், அத்துடன் வைபவம் முடியவேண்டும். நடந்ததோ வேறு. குதிரை மைதானத்தில் சிறிது தூரம் வருவதற்குள் அணிகள் கலைந்தன. நாலாபுறத்திலிருந்தும் மனிதர்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். குதிரை நகர வழியின்றித் திகைத்து நின்றது. பலம் மிக்க கைகள் பல ஒருசேர எழுந்து அந்த இளைஞரைச் சேணத்திலிருந்து அப்படியே தூக்கியெடுத்து, தலைகளுக்கு மேலாக ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் பந்துபோல மாற்றிக்கொண்டே போயின. மேடையில் கால் ஊன்றியபோது அவர் மூச்சு வாங்க நின்றார் என்பதையும், அன்று முதல் அப்பிரயாணத்தில் குதிரையை விட்டு மோட்டார் வண்டியையே நாடினார் என்பதையும் அவரே பிற்காலத்துச் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

அவர்தாம் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட். ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தியின் மூத்த புதல்வர். 1936-இல் எட்டாம் எட்வர்ட் என்ற பெயரில் பட்டத்துக்கு வந்து 326 நாள்களில் அதைத் துறந்துவிட்டுப் போனவர். அந்தத் துறவின் கதையையும் அதற்குக் காரணமான காதலையும் உலகம் பேசித் தீர்த்துவிட்டது. அந்தப் பேச்சின் நிழலில் மங்கிப்போன முந்தைய கதை ஒன்று உண்டு. 1919 முதல் 1922 வரையில் ‘ரினௌன்’ என்னும் போர்க்கப்பலில் ஏறி, கனடாவும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இந்தியாவும் சுற்றிய அவரை, மனித சரித்திரத்தில் அதுவரை வேறு எந்த ராஜகுமாரரையும் கண்டிராத அளவு ஜனங்கள் நேருக்கு நேர் கண்டார்கள். அந்த ஜனங்கள் எதைக் கண்டு ஆர்ப்பரித்தார்கள் என்பதே இக்கட்டுரை ஆராயப் புகுந்த விஷயம்.

இந்த வினாவை எழுப்புவதற்குத் தமிழன் ஒருவனுக்கு விசேஷமான தகுதி உண்டு என்று நான் கருதுகிறேன். அரசன் வீதியில் பவனி வருவதையும் அவனைக் காண ஊரே திரண்டு வருவதையும் பொருளாகக் கொண்டு உலா என்றே ஒரு பிரபந்த வகையை வகுத்து வைத்திருப்பது நம் மொழி. விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவரையும் பாடிய ஒட்டக்கூத்தரின் நூலைப் பொறுமையோடு படிப்பவர்க்கு ஓர் உண்மை புலப்படாமல் போகாது. பாட்டுடைத் தலைவனுடைய குலமும் வெற்றிகளும் பள்ளியெழுந்து அணிபூண்டு புறப்படும் சிறப்பும் முன்பகுதியில் விரிவாகச் சொல்லப்படுகின்றன; ஆனால் யானை வீதிக்குள் நுழைந்த பிறகு புலவருடைய கண் அரசன்மேல் நிற்பதில்லை. பேதை முதல் பேரிளம்பெண் வரையில் ஏழு பருவத்து மகளிரும் என்ன கண்டார்கள், என்ன எண்ணினார்கள், யாருக்கு வளை கழன்றது, யார் வாயடைத்து நின்றார்கள் என்பதிலேயே அது லயித்துவிடுகிறது. அரசன் ஒருவனே, அவனைக் கண்ட ஏழு பேரும் ஏழு விதமாகக் கண்டார்கள். அந்தக் கண்ணை இரவல் வாங்கிக்கொண்டு நாம் ‘ரினௌன்’ கப்பலுக்குத் திரும்புவோம்.

ராஜகுமாரர்களை ஊர்வலம் அனுப்பும் வழக்கத்தைப் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் இவரோடு தொடங்கவில்லை. இவருடைய பாட்டனார் ஏழாம் எட்வர்ட் 18 வயதில், 1860-இல், கனடாவுக்குச் சென்று, மாண்ட்ரியல் நகரில் செயின்ட் லாரன்ஸ் நதியின்மேல் கட்டிய விக்டோரியா பாலத்தைத் திறந்துவைத்தார். அந்தப் பிரயாணத்திலேயே கூட்டத்தின் குணம் ஒன்று வெளிப்பட்டுவிட்டது. கிங்ஸ்டன் என்னும் ஊரில் ஆரஞ்சுச் சங்கத்தைச் சேர்ந்த பிராடஸ்டண்டுகள் தங்கள் கட்சிச் சின்னங்களோடு தோரண வாயில் கட்டி, அதன் கீழேதான் இளவரசர் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள்; கத்தோலிக்கர் மனம் புண்படும் என்று அஞ்சி, உடன் வந்த மந்திரி நியூகாஸில் பிரபு இளவரசரைக் கப்பலை விட்டு இறக்க மறுத்தார்; கரையில் ஒரு கூட்டமும் நீரில் ஒரு கப்பலுமாகக் காத்துக் கிடந்துவிட்டு, கடைசியில் கப்பல் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. தோரணம் கட்டியவர்கள் அன்று வரவேற்க விரும்பியது இளவரசரை மட்டுமா, அல்லது இளவரசர் தலைகுனிந்து தங்கள் வாயிலுக்குள் நுழையும் காட்சியையா என்று கேட்கத் தோன்றுகிறது. வரவேற்பு என்பது வருகிறவருக்குக் கொடுப்பதாகத் தோன்றினாலும், கொடுப்பவர் தமக்கென்று வைத்துக்கொள்ளும் பங்கும் அதில் அடங்கியிருக்கிறது.

எட்வர்டின் காலத்தில் இந்த வித்தையைத் தேர்ந்து அறிந்தவர் லாயிட் ஜார்ஜ். 1911 ஜூலையில் வேல்ஸ் நாட்டுக் கர்னார்வன் கோட்டையில், 17 வயது நிரம்பிய எட்வர்டுக்கு இளவரசுப் பட்டம் சூட்டிய கோலாகலத்துக்கு முன்னின்று உழைத்தவர் அவரே. பல நூற்றாண்டுகளாக வேல்ஸ் மண்ணில் நடைபெறாத அச்சடங்கைப் புதுக்கிப் புராதனமாக்கி நடத்திக் காட்டியதோடு, பையனுக்கு வேல்ஸ் மொழியில் சில வாக்கியங்களையும் அவர் பாடம் சொல்லிவைத்தார். உடுத்திய விசித்திர ஆடையைப் பற்றி எட்வர்ட் வீட்டில் சண்டை போட்டார் என்பது வேறு கதை. யுத்தம் முடிந்ததும் பிரதம மந்திரி ஸ்தானத்தில் இருந்தவரும் இந்த லாயிட் ஜார்ஜே. சாம்ராஜ்யத்தின் தூர தேசங்களைத் தாயகத்தோடு பிணைத்து வைக்க, மந்திராலோசனைகள் பல கூடிச் சாதிக்க முடியாததை இந்த இளைஞரின் முகதரிசனம் சாதிக்கும் என்று அவர் நம்பினார்.

நம்பியது வீண்போகவில்லை. 1919 ஆகஸ்டு 5-ஆம் தேதி போர்ட்ஸ்மவுத்தில் நங்கூரம் எடுத்த கப்பல் முதலில் நியூபவுண்ட்லாந்துக்குப் போயிற்று. அன்று அது கனடாவில் சேராத தனி நாடு. கடலையும் மீனையும் தவிர வேறு செல்வம் அறியாத நாடு. செயின்ட் ஜான்ஸ் துறையில் அந்த ஜனங்கள் இளவரசருக்குக் கட்டிய தோரண வாயில் மீனெண்ணெய்ப் பீப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. அதிலே மாவிலைக்குப் பதிலாக உலர்ந்த மீன்கள் தொங்கின. கருவாட்டுத் தோரணம் என்று கேட்கும்போது நமக்கு நகைப்பு வரலாம். நகைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு வருஷ காலம் பனியிலும் புயலிலும் படகோட்டி ஈட்டிய பொருளைக் கொண்டுவந்து, இதுதான் நாங்கள் என்று வாசலில் மாட்டிவைத்தார்கள். கரும்பும் நெற்கதிரும் கட்டிப் பந்தல் அலங்கரிக்கும் நம் குடியானவனுக்கு இந்த மனம் புரியும்.

அங்கிருந்து கனடா முழுவதும் ரயில் பயணம். விசேஷ வண்டி ஒன்று கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரையில் அவரைச் சுமந்துகொண்டு போய்த் திரும்பிற்று. வண்டியின் கடைசிப் பெட்டியில் ஒரு திறந்த மேடை. வண்டி நிற்கும் இடமெல்லாம் அவர் அதில் வந்து நின்று நாலு வார்த்தை பேசுவார். தானிய வயல்களின் நடுவே தண்ணீர் பிடிக்க நிற்கும் சிற்றூர்களிலும், எங்கிருந்தோ குதிரைவண்டியில் வந்து குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பவர்கள் இருந்தார்கள். செப்டம்பர் முதல் தேதி ஒட்டாவாவில் பாராளுமன்றக் கோபுரத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். பான்ஃப் மலைப்பக்கத்தில் ஸ்டோனி ஆதிகுடிகள் அவருக்குத் தங்கள் தலைவருள் ஒருவராக விடிவெள்ளி என்று பெயர் சூட்டினார்கள். ஆல்பெர்ட்டாவில் மேய்ச்சல் நிலம் ஒன்று கண்ணுக்குப் பிடித்துப்போகவே அதை விலைக்கே வாங்கிவிட்டார். கைவசம் அது 1962 வரையில் இருந்தது.

இந்த யாத்திரையில் அவர் பட்ட சிரமம் வலக்கையில்தான் முதலில் தெரிந்தது. ஊர்தோறும் வரிசையில் நின்று ஆயிரக்கணக்கானவரோடு கைகுலுக்கிக் குலுக்கி, கை வீங்கிக் கன்றிப்போயிற்று. அதன்பின் இடக்கையை நீட்டலானார். ஜனங்கள் அதற்காக மனம் கோணவில்லை. எந்தக் கையாயினும் கையாக இருந்தால் போதும் என்று இருந்தார்கள். கை கிடைக்காதவர்கள் சட்டையைத் தொட்டார்கள். சட்டைக்கு எட்டாதவர்கள் மடித்த பத்திரிகையை நீட்டி அதன் நுனியால் முதுகைத் தட்டினார்கள். அதிலேயே பரம திருப்தி அடைந்து, தொட்டுவிட்டேன் என்று கூவிக்கொண்டு போனார்கள். இந்தத் தொடும் வெறியை எட்வர்ட் தம் நூலில் வியப்போடும் சிறிது அச்சத்தோடும் வர்ணித்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் இது உச்சத்துக்குப் போயிற்று.

இங்கிலாந்தின் பழைய அரசர்கள் தம் கையால் தொட்டுக் கண்டமாலை நோயைத் தீர்ப்பதாக ஒரு நம்பிக்கை இருந்ததுண்டு. ஆன் ராணியோடு அவ்வழக்கம் நின்றது. பிற்காலத்துப் பேரகராதிக்காரரான சாமுவேல் ஜான்சன் குழந்தையாக இருந்தபோது, 1712-இல், அந்த ராணியிடம் கொண்டுபோய்த் தொடவைக்கப்பட்டவர். அன்று அரசர் நோயாளியைத் தொட்டார். 200 ஆண்டு கழித்து ஜனங்கள் அரசகுமாரரைத் தொட்டார்கள். தொடும் கை இடம் மாறிவிட்டது. ஆனால் இருபுறத்திலும் குணமாகவேண்டிய நோய் ஒன்று இருந்தது என்பது என் துணிபு.

அந்த நோய் எது? மகா யுத்தத்தில் கனடா 60,000-க்கு மேற்பட்ட வீரரை இழந்தது. ஐம்பது லட்சத்துக்கும் குறைந்த ஜனத்தொகையை உடைய ஆஸ்திரேலியா ஏறக்குறைய 60,000 பேரைப் பறிகொடுத்தது. நியூசிலாந்து சுமார் 18,000 பேரை. எண்ணைவிடக் கொடியது மற்றொன்று: விழுந்த இடத்திலேயே அடக்கம் செய்வது, யாருடைய உடலையும் ஊருக்கு அனுப்புவதில்லை என்பது சாம்ராஜ்ய அரசாங்கத்தின் தீர்மானம். செல்வன் மகனாயினும் ஏழை மகனாயினும் அதற்கு விலக்கில்லை. ஆகவே மெல்போர்னிலும் வின்னிபெக்கிலும் இருந்த தாய்மாருக்கு அழுவதற்கு ஒரு மண்மேடுகூட இல்லை. தந்தி வந்தது, பிறகு ஒரு பொட்டலத்தில் கைக்கடியாரமும் கடிதங்களும் வந்தன, அவ்வளவே. மகன் போன கடல் வழியிலேயே, அவனுடைய வயதில், அவன் நின்ற போர்க்களத்தருகே தானும் நின்ற ஒருவன், நான்கு வருஷம் கழித்து உயிரோடு வந்து இறங்கினால், அந்தத் தாய் அவனைத் தொட்டுப்பார்க்க முண்டியடிக்காமல் வேறு என்ன செய்வாள்?

எட்வர்ட் யுத்தத்தில் முன்னணிக்குப் போகத் துடித்தவர். எனக்குப் பின் தம்பிகள் நால்வர் இருக்கிறார்கள், நான் இறந்தால் என்ன என்று அவர் யுத்த மந்திரி கிச்சனர் பிரபுவிடம் வாதாடியதும், இறப்பது பெரிதல்ல, எதிரியிடம் சிறைப்படுவதே ஆபத்து என்று கிச்சனர் மறுத்ததும் பிரசித்தம். ஆயினும் சேனாதிபதிகளின் பாசறையில் இருந்துகொண்டே முன்னணிப் பக்கம் அடிக்கடி போய்வந்தார். 1915-இல் லூஸ் போர்க்களத்தில் அவர் இறங்கிச் சிறிது தூரம் நடந்துபோயிருந்த வேளையில், விட்டுவந்த மோட்டார் வண்டியின்மேல் குண்டு விழுந்து சாரதி மாண்டான். போருக்குச் செல்லாதவன் என்ற குற்ற உணர்ச்சி அவரை விடாமல் பற்றியிருந்தது. கூட்டமோ அவரைப் போர்வீரருள் ஒருவராகவே ஏற்றது. ஆஸ்திரேலியச் சிப்பாய்களுக்கு வழங்கிய ‘டிக்கர்’ என்ற செல்லப் பெயரை அவருக்கும் சூட்டி, டிக்கர் இளவரசர் என்றே அழைத்தது. தமக்கு உரியதல்ல என்று தாமே எண்ணிய பெயரைச் சுமந்துகொண்டு புன்னகை செய்வது எவ்வளவு வேதனை என்பதை நாம் ஊகிக்கலாம்.

ஊகிக்க வேண்டியதும் இல்லை. தம் காதலுக்குரியவராக அப்போது இருந்த ஃப்ரீடா டட்லி வார்ட் என்னும் மாதுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1998-இல் நூலாக வெளிவந்தன. வெளியே ஆரவாரம் அடங்காத ராத்திரிகளில் கப்பல் அறையில் உட்கார்ந்து எழுதியவை அவை. தனிமை, சோர்வு, தம்மைப் பற்றிய வெறுப்பு, ராஜ உத்தியோகமே பொய் என்ற கசப்பு ஆகியவை பக்கந்தோறும் விரவியிருக்கின்றன. மெல்போர்னில் உடலும் மனமும் தாளாமல் நிகழ்ச்சிகளை நிறுத்தி ஒரு வாரம் ஓய்வு கொடுக்க நேர்ந்தது. 1920 ஜூலை 5-ஆம் தேதி மேற்கு ஆஸ்திரேலியாவில் அவருடைய ரயில் தடம் புரண்டு, அவர் இருந்த பெட்டியே சாய்ந்து விழுந்தபோது, காயமின்றிச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார் என்று பத்திரிகைகள் கொண்டாடின; அடுத்த ஊரில் ஆரவாரம் இரட்டித்தது.

அந்தக் கடிதங்களில் கூசவைக்கும் பகுதிகளும் உண்டு. ஆஸ்திரேலிய ஆதிகுடி மக்களைப் பற்றி அவர் எழுதியிருப்பவை, மனிதரை மனிதராக மதிக்கும் எவரும் வாய்விட்டுப் படிக்க இயலாதவை. அம்மக்களும் அவருக்காகத் திரண்டு வந்து ஆடிப்பாடியவர்கள். எதிரே நின்று சிரித்த முகத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. இதை மறைத்துவிட்டு அவருடைய கவர்ச்சியை மட்டும் பேசுவது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம். இன்னொன்றையும் இதிலிருந்து கற்கிறோம்: ஆர்ப்பரித்த ஜனங்கள் எட்வர்ட் என்ற மனிதரைக் காணவேயில்லை. தங்கள் துக்கத்துக்கும் பெருமைக்கும் ஓர் உருவம் வேண்டியிருந்தது. அழகிய இளைஞர் ஒருவர் அதற்குப் பொருந்தினார். கனடா அதே வருஷம் வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் தனியே கையெழுத்திட்ட தேசம். நாங்களும் ஒரு தேசம், எங்கள் இரத்தத்துக்கு மதிப்பு உண்டு என்ற எக்களிப்பும் அந்தக் கோஷத்தில் கலந்திருந்தது. ஜூன் மாதத்தில் வின்னிபெக் நகரில் தொழிலாளர் பொது வேலைநிறுத்தம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்திருந்தது. செப்டம்பரில் அதே நகரம் இளவரசரை உபசரித்தது. ஒரு நகரம் கோடையில் கோபத்தையும் இலையுதிர்காலத்தில் அன்பையும் காட்டுவதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. இரண்டும் அதற்குச் சொந்தமானவை.

ஆர்ப்பரிப்பது ஜனங்களுக்குச் சொந்தம் என்றால், ஆர்ப்பரிக்காமல் இருப்பதும் சொந்தமாகவே இருக்கவேண்டும். அதை உலகத்துக்கு நிரூபித்த பெருமை நம் நாட்டைச் சேர்ந்தது.

முன்பெல்லாம் இந்தியா இளவரசர்களை வரவேற்காமல் இல்லை. 1906 ஜனவரியில், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் ஆகிய அன்றைய வேல்ஸ் இளவரசர் இந்திய யாத்திரையில் இருந்தபோது, பரதகண்டத் தாயே அவருக்கு நல்வரவு கூறுவதாகச் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையில் ஒரு பாட்டு வெளிவந்தது. பாடியவர் சுப்பிரமணிய பாரதியார். வங்காளத்தைக் கர்ஸன் பிரபு பிளந்த புண் ஆறாத காலம் அது. அந்த வரவேற்பைக் கண்டு பாரதி அன்பர்கள் சிலர் சங்கடப்படுகிறார்கள், நான் சங்கடப்படவில்லை. இராஜாவிடம் முறையிட்டால் நீதி கிடைக்கும் என்ற பழைய நம்பிக்கை அன்று தேசபக்தர் பலரிடமும் எஞ்சியிருந்தது. அது எஞ்சியிருந்த கடைசி நாள்களின் சாட்சி அந்தப் பாட்டு. இரண்டே வருஷத்தில் அதே கவிஞர் பிரிட்டிஷ் எல்லையைத் தாண்டிப் புதுவைக்குப் போய்த் தங்கவேண்டியதாயிற்று.

1921-இல் மகன் வந்தபோது அந்த நம்பிக்கை மாண்டிருந்தது. கனடாவைப் போலவே இந்தியாவும் யுத்தத்துக்கு மக்களைக் கொடுத்திருந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்றார்கள். அறுபது எழுபதாயிரம் பேர் திரும்பவில்லை. பஞ்சாபிலும் தாய்மார் உண்டு. அவர்களுக்கும் அழ மண்மேடு இல்லை. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த பிரதி என்ன? ரௌலட் சட்டமும், 1919 ஏப்ரல் 13-ஆம் தேதி ஜாலியன்வாலாபாக்கும். சர்க்கார் கணக்கே அங்கே 379 பேர் இறந்ததாக ஒப்புக்கொண்டது. டொராண்டோவில் இளவரசரைத் தோளில் தூக்கியது இது நடந்து நான்கு மாதத்தில். அதே துக்கம் ஒரு நாட்டில் கோஷமாக எழுந்தது, மற்றொரு நாட்டில் எழ மறுத்தது. இடையில் நின்றது அந்த மதிற்சுவர் சூழ்ந்த தோட்டம்.

1921 நவம்பர் 17-ஆம் தேதி பம்பாயில் இளவரசர் இறங்கினார். அவருடைய பெற்றோர் 1911-இல் வந்து இறங்கிய நினைவுக்காக எழுப்பிக்கொண்டிருந்த கடல்வாசல் இன்னும் முற்றுப்பெறவில்லை. துறைமுகத்தில் அழைக்கப்பட்டவர்கள் கூடி வரவேற்றார்கள். அதே நாளில் பரேல் பகுதியில் ஓர் ஆலை வளாகத்தில் மகாத்மா காந்தி முன்னிலையில் பெருங்கூட்டம் கூடி அந்நியத் துணியைக் குவித்துத் தீயிட்டது. அதன்பின் நடந்ததைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது. வரவேற்புக்குப் போய்த் திரும்பிய பார்சிகளையும் கிறிஸ்தவர்களையும் ஐரோப்பியரையும் கும்பல்கள் வழிமறித்து அடித்தன; பதிலடியும் விழுந்தது; சில நாள் கலவரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். வரவேற்காதே என்று சொல்லும் உரிமை, வரவேற்றவனைத் தாக்கும் உரிமையாக ஒரு பகல் பொழுதில் திரிந்துபோயிற்று. காந்தியடிகள் நெஞ்சுடைந்து, இந்தச் சுயராஜ்யம் தம் மூக்கில் நாறுகிறது என்னும் பொருள்பட எழுதி, அமைதி திரும்பும் வரையில் உண்ணாவிரதம் இருந்தார். தம் பக்கத்துக் கூட்டத்தின் குற்றத்தைத் தம் தலைமேல் போட்டுக்கொண்ட தலைவர்களைச் சரித்திரத்தில் அதிகம் காணமுடியாது.

பம்பாயின் பாடம் வடக்கே போய்ச் சேர்ந்தது. டிசம்பர் 12-ஆம் தேதி அலகாபாத்தில் இளவரசர் வந்து இறங்கியபோது கடைகள் அடைத்திருந்தன, ஜன்னல்கள் மூடியிருந்தன, வீதியின் இருமருங்கிலும் சிப்பாய்கள் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் மனிதர் இல்லை. மோதிலால் நேருவும் அவர் மகன் ஜவாஹர்லாலும் ஆறு நாள் முன்பே சிறைக்குப் போயிருந்தார்கள். மூன்று கண்டங்களில் ஜனசமுத்திரத்தின் இரைச்சலைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருந்த ஒருவர், தம் குதிரைகளின் குளம்போசையைத் தாமே கேட்டுக்கொண்டு ஒரு மாநகரின் ஊடே சென்றார். ஒட்டக்கூத்தர் பார்த்தறியாத உலா இது: அரசன் உண்டு, யானை உண்டு, படை உண்டு, ஏழு பருவத்தாரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள்.

இந்த மௌனத்துக்கு என்ன விலை என்பதை அரசாங்கமே வெளிப்படுத்திவிட்டது. டிசம்பர் 24-ஆம் தேதி இளவரசர் கல்கத்தா வரவேண்டும். அங்கேயும் கடையடைப்பு நடக்குமோ என்று கலங்கிய வைசிராய் ரீடிங் பிரபு, பண்டித மாளவியாவின் மூலமாகச் சிறையில் இருந்த சித்தரஞ்சன் தாஸரோடு பேச்சு நடத்தினார். ஹர்த்தாலைக் கைவிட்டால் கைதிகளை விடுவிப்பது பற்றியும் வட்டமேஜை மகாநாடு ஒன்று கூட்டுவது பற்றியும் யோசிக்கலாம் என்ற அளவுக்கு அது வளர்ந்தது. நிபந்தனைகளில் காந்தியடிகளுக்குத் திருப்தி ஏற்படவில்லை, பேச்சு முறிந்தது. ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்று தாஸர் கடைசிவரை வருந்தினார். யார் சொன்னது சரி என்ற வழக்கு இங்கே தீராது. ஆனால் ஓர் இளைஞர் வீதியில் போகும்போது ஜனங்கள் கைதட்டுவதற்காக ஒரு சாம்ராஜ்யம் அரசியல் சலுகை பேரம் பேச முன்வந்தது என்பதை எண்ணும்போது, கைதட்டல் வெறும் காற்று அல்ல என்பது நிச்சயமாகிறது.

பர்மா போய்விட்டு 1922 ஜனவரி 13-ஆம் தேதி இளவரசர் சென்னைக்கு வந்தார். கவர்னர் வில்லிங்டன் பிரபு. நகரில் ஹர்த்தால், கலகமும் மூண்டது. மவுண்ட் ரோட்டில் சினிமாக் கொட்டகை ஒன்று தாக்குண்டது. ஜஸ்டிஸ் கட்சித் தலைவரும் நகரசபைத் தலைவருமான சர் பிட்டி தியாகராய செட்டியாரின் வீட்டைக் கூட்டம் சூழ்ந்துகொண்டதால் அவர் வரவேற்புக்குப் போக இயலவில்லை. ராஜகோபாலாச்சாரியார் அப்போது வேலூர்ச் சிறையில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். பாரதியார் மறைந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

எல்லோரும் கதவடைத்தார்கள் என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். சமஸ்தானங்களில் யானையும் வாணவேடிக்கையும் குறைவின்றி நடந்தன. அவற்றை ஏற்பாடு செய்தவர்கள் மகாராஜாக்கள், ஆகவே அதைப்பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. ஆனால் தில்லியில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் திரளாகக் கூடி மனமார ஆர்ப்பரித்தார்கள். கோயில் வீதியில்கூட நடக்கவிடாத ஊர் அவர்களுடையது. உயர்ந்த சாதியார் ஒருவரும் தங்களை எதிர்நின்று பார்க்காத நாட்டில், சக்கரவர்த்தியின் மகன் வண்டியை நிறுத்திப் பார்த்தால், அவர்கள் எழுப்பிய குரலை அடிமைக்குரல் என்று ஏசுவதற்கு நமக்கு யோக்கியதை உண்டா? சென்னையில் தியாகராய செட்டியாருக்கும் அவர் கட்சியாருக்கும் தங்கள் நியாயம் இருந்தது போலவே இவர்களுக்கும் இருந்தது. கடையை அடைத்தவன் தன் மானத்துக்காக அடைத்தான். கைதட்டியவனும் தன் மானத்துக்காகவே தட்டினான்.

இளவரசர் இவை யாவும் உணராதவர் அல்லர். பிரிட்டிஷ் இந்தியாவில் தாம் ஒரு நன்மையும் செய்யவில்லை என்று மனம் சோர்ந்து தந்தைக்கு எழுதினார். தம்மைச் சுற்றிப் போலீஸ் போட்ட வேலியைக் குறைசொன்னார். தந்தையின் காலத்து இந்தியா இதுவல்ல என்பதை அரண்மனையில் எவரைக் காட்டிலும் முன்னதாக அறிந்தவர் அவரே. அதற்காக அவரை மெச்சவேண்டும். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தமக்கென்று எழுந்ததாக எண்ணிய கோஷம் தமக்கு உரியதல்ல என்ற சந்தேகம் அங்கேயே அவருடைய கடிதங்களில் முளைத்திருந்தது. அலகாபாத் வீதி அதை உறுதிசெய்திருக்க வேண்டும்.

1922 பிப்ரவரி 4-ஆம் தேதி சௌரி சௌராவில் போலீஸ் நிலையம் தீக்கிரையாயிற்று. காந்தியடிகள் சட்டமறுப்பை நிறுத்தினார். மார்ச்சு 10-ஆம் தேதி, இளவரசர் இன்னும் இந்திய மண்ணில் இருக்கையிலேயே, சபர்மதியில் காந்தியடிகளைக் கைதுசெய்தார்கள். மார்ச்சு 17-ஆம் தேதி கராச்சித் துறைமுகத்தில் மரியாதைகள் யாவும் முறைப்படி நடந்தேற, ‘ரினௌன்’ இலங்கையை நோக்கிப் புறப்பட்டது.

மறுநாள் ஆமதாபாத்தில், ஷாஹிபாக் விருந்தினர் மாளிகையின் கூடம் ஒன்றில் கோர்ட்டு கூடிற்று. இடம் சிறிது, உள்ளே வர அனுமதிச் சீட்டு வேண்டும். இடுப்பில் மட்டும் துணி உடுத்திய கைதி உள்ளே வந்ததும் கூடியிருந்தவர் யாவரும் எழுந்து நின்றார்கள். ஜட்ஜ் புரூம்ஃபீல்டு தம் ஆசனத்தில் அமர்வதற்கு முன் அவரைப் பார்த்துத் தலைதாழ்த்தினார். ஆறு வருஷத் தண்டனை சொல்லி ஜட்ஜ் எழுந்து போன பிறகு, ஒருவர் பின் ஒருவராக வந்து கைதியின் பாதத்தைத் தொட்டார்கள். சிலர் தேம்பினார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் சிரித்துப் பேசி விடைகொடுத்துவிட்டு, வெளியே நின்ற வண்டியில் ஏறிக்கொண்டார்.